அசதிக்கும் ஒரு பேரேடு

கீமோ ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய ஆச்சியைப் பார்க்க வருகிறவர்கள், முகப்பில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "எப்படி ஆச்சி இருக்கீக?" பதில் தயாராக இருக்கும்: "இருக்கேன்."

காலையில் பல் விளக்கிவிட்டுத் திரும்பும்போது முற்றத்தைச் சுற்றிய வளவின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது, தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் சீப்பைக் கீழே வைத்தது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். டாக்டர் கேட்டாலும் இதே "இருக்கேன்"தான். வலி என்றால் மாத்திரை கேட்கிறோம், வாந்தி என்றால் ஊசி கேட்கிறோம். அசதிக்கு மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. "இந்த வியாதின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களை அதிகமாக வாட்டுவதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

இது வயலில் வேலை செய்து வரும் அலுப்பு அல்ல. அந்த அலுப்பு ஒரு இரவு தூங்கினால் போய்விடும். செய்த வேலைக்கும் இதற்கும் பொருத்தமே இருக்காது, படுத்து எழுந்தாலும் தீராது, உடம்போடு மனசும் மூளையும் சேர்ந்து ஓய்ந்து போகும். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தது மறந்துபோகும், பேரன் பேரைச் சொல்ல ஒரு நொடி ஆகும். சோம்பேறித்தனம் என்று வீட்டார் நினைப்பதும், நோய் முற்றிவிட்டது என்று நோயாளி பயப்படுவதும் பெரும்பாலும் தவறு.

முதல் வேலை, அதற்கு ஓர் எண் கொடுப்பது. "அசதியே இல்லைன்னா 0. இதுக்கு மேல தாங்காதுன்னா 10. நேத்துலருந்து இப்ப வரைக்கும் உங்களுக்கு எத்தனை?" இவ்வளவுதான் கேள்வி. 1 முதல் 3 வரை லேசு. 4 முதல் 6 வரை நடுத்தரம். 7-உம் அதற்கு மேலும் கடுமை. 4-ஐத் தொட்டுவிட்டால் "அப்படித்தான் இருக்கும்" என்று விடக் கூடாது. காரணம் தேட வேண்டும். மருத்துவமனைகளில் 9 கேள்விகள், 13 கேள்விகள் கொண்ட படிவங்களும் உண்டு. வீட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும், ஆனால் தினமும் கேட்க வேண்டும்.

எண் சொல்ல வராத பெரியவர்களும் இருக்கிறார்கள். "என்னத்தைப் பத்து, எட்டுன்னுக்கிட்டு" என்பார்கள். அவர்களிடம் வீட்டை வைத்துக் கேளுங்கள். நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடப்பவை. அதுவே நல்ல அளவுகோல். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நிற்காமல் போக முடிகிறதா? வளவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறதா? குளித்ததும் புடவை கட்டிக்கொள்ள முடிகிறதா, கட்டிலில் சாய்ந்த பிறகுதான் கட்ட முடிகிறதா? போன வாரம் ஒரு இடத்தில் உட்கார்ந்தவர் இந்த வாரம் மூன்று இடத்தில் உட்கார்ந்தால், அந்தச் செய்தி எண்ணுக்குச் சமம்.

அடுத்தது கணக்கு. குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் எழுதிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் வையுங்கள். நேரம், செய்த வேலை, வேலைக்கு முன் எண், பின் எண் என்று நான்கு பத்தி. பக்கத்தின் அடியில் இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், பகலில் எவ்வளவு, என்ன சாப்பிட்டது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, காய்ச்சல் அளவு. கீமோ போட்டு எத்தனையாவது நாள் என்பதைத் தலைப்பில் எழுத மறக்கக் கூடாது, அதுதான் இந்தக் கணக்கின் தேதி. பெரும்பாலான நோட்டுகளில் அந்த ஒரு வரி மட்டும் விட்டுப்போகிறது, பிறகு மொத்தக் கணக்கும் எதற்கும் உதவாமல் கிடக்கிறது.

இரண்டு கீமோ சுற்றுக்கு எழுதினால் பலருக்கு ஒரு வரிசை புலப்படும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ என்றால், முதல் இரண்டு மூன்று நாள் ஓரளவு தெம்பாக இருப்பார்கள். அது உடம்பின் சொந்தத் தெம்பு அல்ல. வாந்தி வராமல் இருக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கி நிறுத்துகிறது. அது நின்றதும் நாலாம் நாள், ஐந்தாம் நாள் பொத்தென்று விழுவார்கள். 7-லிருந்து 14 நாளுக்குள் இரத்த அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். மூன்றாவது வாரம் மேலேறும். ஒவ்வொரு மருந்துக்கும் இது கொஞ்சம் மாறும், அதனால்தான் சொந்த நோட்டு வேண்டும்.

இது தெரிந்தால் பல காரியங்களை நாள் பார்த்து வைக்கலாம். முன்னோருக்கு வைக்கும் படைப்பு, அறுபதாம் கல்யாணம், பல் டாக்டர், பேங்க் கையெழுத்து எல்லாம் மூன்றாவது வாரத்துக்கு. சென்னையில் கீமோ எடுத்துக்கொண்டு ஏறத்தாழ ஏழு மணி நேரம் பல்லவன் ரயிலில் உட்கார்ந்து காரைக்குடி திரும்புகிறவர்கள், "ரெண்டு நாள் மக வீட்ல இருந்துட்டு மெதுவாப் போவோம்" என்று நாலாம் நாளுக்குப் பயணத்தைத் தள்ளுவார்கள். அன்றைக்குத்தான் உடம்பு விழும். டாக்டர் சம்மதித்தால் மறுநாளே கிளம்பிவிடுவது மேல்.

கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே அசதி அலையாக வராது, கடன் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது, மூன்றாவது வாரத்தில் தெரியும், கடைசி வாரத்தில் உச்சத்தில் இருக்கும், முடிந்து சில வாரமோ மாதமோ கழித்துத்தான் இறங்கும். காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் தினமும் போய்வந்தால் சாலையிலேயே நாலு மணி நேரம் போகும். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம். முதல் வாரத்தில் "சமாளிச்சுக்கலாம்" என்று தோன்றுவதை நம்பி முடிவெடுக்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்தாவது திங்கள் முதல் வெள்ளி வரை மருத்துவமனைப் பக்கத்தில் தங்க ஓர் இடம் பார்த்து வைப்பது நல்லது.

எண் 4-லோ அதற்கு மேலோ நின்றால் எதைத் தேடுவது? அசதி என்ற பெயரில் வேறு ஆட்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நடந்தால் மூச்சு வாங்குவதை அசதி என்பார்கள். மருந்து மயக்கத்தை அசதி என்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, தரைக் கழிப்பறையில் குந்தி எழ முடியாமை, படி ஏற முடியாமை இதெல்லாம் நீண்ட நாள் ஸ்டீராய்டால் தொடைத் தசை நலிந்ததாக இருக்கலாம். இரண்டு கால்களும் திடீரென்று துவண்டு, முதுகு வலியும் சிறுநீர் அடைப்பும் சேர்ந்தால் அது அசதியே அல்ல. தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை.

இரத்தப் பரிசோதனையில் முதலில் ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 இருக்க வேண்டியது. 7, 8 அளவுக்கு இறங்கினாலோ, அதற்கு மேல் இருந்தும் படபடப்பும் மூச்சிரைப்பும் இருந்தாலோ இரத்தம் ஏற்றுவது பற்றி டாக்டர் முடிவெடுப்பார். இங்கே வீடுகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரைச் சாறு என்று நாளெல்லாம் பிழிந்து கொடுப்பார்கள். சாற்றின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புச்சத்துக்கும் சம்பந்தமில்லை. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் கீரை இரும்பு உடம்பில் குறைவாகவே சேரும். கீமோவால் எலும்பு மஜ்ஜை ஓய்ந்திருக்கும்போதும், நோயின் அழற்சி இரும்பைப் பூட்டி வைத்திருக்கும்போதும் வாய்வழி இரும்பு பெரிதாக உதவாது. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்துவிட்டு, குறைவு என்றால் ஊசி வழி இரும்பு தருவார்கள். சிவப்பணுக்களைக் கூட்டும் எரித்ரோபொய்டின் ஊசியை "அவுகளுக்குப் போட்டாக" என்று கேட்டு வாங்குவதும் சரியல்ல. இரத்தக் கட்டி அபாயம் உண்டு, குணமாக்கும் நோக்கத்தில் கீமோ நடக்கும்போது அதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

அடுத்து தைராய்டு. கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்கும் இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவர்களுக்கும் டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை கட்டாயம் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் "கீமோ அசதி" என்று நினைத்தது ஒரு தைராய்டு மாத்திரையில் சரியாவது உண்டு. இம்யூனோதெரபியில் அட்ரினல் சுரப்பியும் படுத்துவிடலாம், எழுந்து நின்றால் கண் இருட்டி இரத்த அழுத்தம் இறங்கினால் உடனே சொல்ல வேண்டும். இரைப்பை எடுத்தவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கும் பி12 குறையும். சோடியம் குறைந்தாலும் கால்சியம் ஏறினாலும் ஆள் சுருண்டுவிடுவார். தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு மூன்றும் சேர்ந்தால் கால்சியத்தை நினைவில் வையுங்கள், அதுவும் அவசரம்தான். ஸ்டீராய்டு நாட்களில் சர்க்கரை ஏறுவதும் ஓர் அசதிதான். நம் பக்கம் வீட்டுக்கு வீடு குளுக்கோமீட்டர் இருக்கிறது, அந்த நாட்களில் அதை எடுத்துப் பாருங்கள்.

மாத்திரைப் பையை மேசையில் கொட்டிப் பார்ப்பது இன்னொரு பரிசோதனை. மார்ஃபின் ஆரம்பித்த அல்லது அளவு கூட்டிய சில நாள் மயக்கம் இருக்கும், பிறகு குறையும். வாந்திக்குத் தரும் ஒலன்சபின், நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகள் மூன்றும் ஒரே இரவில் போனால் மறுநாள் பகல் முழுக்க அரைத்தூக்கம்தான். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், பட்டியலாக எழுதிக் காட்டுங்கள். டெக்ஸாமெத்தசோனைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். காலை, மதியத்துக்குள் முடிக்கலாமா என்று கேளுங்கள்.

மனசைப் பற்றி இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்றுப் போகிறதா? அசதி மட்டும் உள்ளவர் "பேத்தி நடனத்தைப் பாக்கணும், உடம்பு கேக்கல" என்பார். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பார்க்கவே தோன்றாது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம். மனச்சோர்வு மாத்திரை மனச்சோர்வுக்குத்தான், வெறும் அசதிக்கு அது பயன்படாது. டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனி எல்லாரும் எதிர்த்துப் பேசும் இடம். "நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்க" என்பதுதான் நாம் கொடுக்கும் மிக மோசமான ஆலோசனை. படுக்கையில் கிடக்கக் கிடக்கத் தசை கரையும், தசை கரைந்தால் அதே வேலைக்கு முன்னைவிட அதிகத் தெம்பு செலவாகும், அதனால் இன்னும் படுப்பார்கள். புற்றுநோய் அசதிக்கு இதுவரை உள்ளவற்றில் உறுதியான ஆதாரம் உள்ள வைத்தியம் உடற்பயிற்சிதான். மாத்திரைகள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இலக்கு, வாரத்துக்கு மூன்று நாளாவது 30 நிமிடம் நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி, 12 வாரம் விடாமல்.

30 நிமிடத்தில் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் கைவிடுவார்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரத்தைப் பயன்படுத்துங்கள், நிழலும் காற்றும் பிடிக்கத் தூணும் இருக்கின்றன. காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். அது கூடத் தாங்காவிட்டால் இரண்டு சுற்று, உட்கார்ந்து, மறுபடி இரண்டு சுற்று. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும், அதுதான் சரியான வேகம். தசைக்கு, கையில்லாத உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஐந்து முறை, போகப்போகப் பத்து. அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் அரைக் கிலோ எடைக்குச் சமம், அதைத் தூக்கி இறக்கலாம்.

மறுநாள் எண் முந்தின நாளைவிட இரண்டு புள்ளிக்கு மேல் ஏறியிருந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். நல்ல நாள் வந்துவிட்டது என்று பரணை ஒழித்து, பாத்திரம் விளக்கி, மாவாட்டிவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் பிசகு. நோட்டில் அது பளிச்சென்று தெரியும்.

நடக்கவே கூடாத நாட்களும் உண்டு. 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் நடையும் வேண்டாம், மாத்திரை போட்டுப் பார்ப்பதும் வேண்டாம், அணுக்கள் குறைந்த நாட்களில் அது அவசரம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இருந்தால் எடை தூக்க வேண்டாம், 20,000-க்குக் கீழே என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். எலும்பில் பரவியிருந்தால் குனிந்து தூக்குவதும் இடுப்பைத் திருப்புவதும் ஆபத்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

கீமோவால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு ஆத்தங்குடி ஓடு பதித்த தரையைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுதான், ஈரம் பட்டால் வழுக்கும். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பார்கள். வெளியே போகாத புதுச் செருப்பு ஒரு ஜோடி, பின்பட்டையோடு, ரப்பர் அடிப்பாகத்தோடு வாங்கி வையுங்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் மொத்த சிகிச்சையும் தள்ளிப்போகும். உயரமான நிலைப்படிகளில் பளிச்சென்று ஒரு நிற நாடா ஒட்டுங்கள்.

மிச்சப்படுத்த வேண்டிய தெம்பை வீட்டின் அமைப்பே தின்றுவிடும். கட்டில் முகப்பு அறையில், கழிப்பறை மூன்றாம் கட்டைத் தாண்டி என்றால் ஒரு நாளைக்குப் போக வர எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். படுக்கையைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள், அல்லது இரவுக்கு ஒரு கமோடு நாற்காலி. நடைக்கான தெம்பு நடைக்கே போகட்டும், ராத்திரி ஓட்டத்துக்கு வேண்டாம். குளிப்பது முக்காலியில் உட்கார்ந்து, நின்றுகொண்டு அல்ல. வெந்நீர் அதிகச் சூடு வேண்டாம், தளர்த்திவிடும். துவட்டுவதற்குப் பதில் பருத்தித் துண்டால் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தானே உலரும். காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் அவர்களுக்குப் பிடித்த வேலை என்றால் பிடுங்காதீர்கள், மேசையில் உட்கார்ந்து செய்யட்டும். பார்க்க வருகிறவர்கள்தான் பெரிய செலவு. சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை, ஒரு தடவைக்கு மூன்று பேர் என்று யாராவது ஒருவர் கண்டிப்பாக நின்று சொல்ல வேண்டும். ஆச்சி தானாக "போயிட்டு வாங்க" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்.

தூக்கத்துக்கு விதி சுருக்கம். பகலில் 20, 30 நிமிடம், மூன்று மணிக்குள். அதற்கு மேல் தூங்கினால் ராத்திரிக் கணக்கில் பற்று எழுதப்படும். எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். எழுந்ததும் முற்றத்து வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் உடம்புக் கடிகாரம் சரியாகும். மதியம் காபியோடு அன்றைய காபி முடிய வேண்டும்.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது புரதம். ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். இரண்டு முட்டையில் 12, இருநூறு மில்லி பால் இரண்டு வேளை 13, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 8, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் 8, வெந்த கோழியோ மீனோ நூறு கிராமில் 25 வரை. கூட்டினால் 66. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். ஆட்டுக்கால் சூப் தெம்பு தரும் என்பது நம்பிக்கை. அதில் பெரும்பாலும் ஜெலட்டின்தான், தசை கட்டத் தேவையான புரதம் முழுமையாக இல்லை. சூப்பைக் குடித்துவிட்டுக் கறியை மற்றவர்களுக்குக் கொடுப்பது தலைகீழ்க் கணக்கு. கும்மாயம் ஆடிக்கு மட்டும்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த மெத்தென்ற பண்டம், வாய்ப்புண் இருப்பவருக்கும் இறங்கும். சர்க்கரை இல்லாதவர்களுக்கு இரண்டு கரண்டி, மாலையில். மிளகாயும் பட்டையும் தூக்கலான குழம்பை அந்த வாரம் மறந்துவிடுங்கள்.

மருந்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் ஜின்செங் கேப்ஸ்யூல்களை யாராவது வாங்கி வருவார்கள். ஆய்வில் சிகிச்சையின்போது ஓரளவு பலன் காட்டியது அமெரிக்க ஜின்செங், நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம், எட்டு வாரம். கடையில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை, விட்டமின்களோடு கலந்தது. அஸ்வகந்தா என்ற அமுக்கராப் பொடியால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு, கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் போன்ற தூண்டு மருந்துகளின் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, எல்லாருக்கும் பொதுவாகத் தருவதில்லை.

டாக்டரிடம் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் நோட்டு முழுவதையும் நீட்டாதீர்கள். மூன்று வரி போதும்: இந்தச் சுற்றில் மிக அதிக எண் எத்தனை, எந்த நாள், போன சுற்றில் செய்ய முடிந்து இப்போது முடியாத ஒரு வேலை, புதிதாகச் சேர்ந்த மாத்திரை. மருத்துவமனைக்குப் போக முடியாத நிலையில் இருப்பவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வருமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட அசதி நீடிக்கும். முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்காதீர்கள். நடையும் நோட்டும் தொடரட்டும், யோகா செய்யலாம். இறங்கிக்கொண்டிருந்த எண் திடீரென்று ஏறினால் மறுபடி பரிசோதனை.

நோய் முற்றிய நிலையில் கணக்கு மாறும். அங்கே டெக்ஸாமெத்தசோன் 4 மில்லிகிராம் இரு வேளை, இரண்டு வாரத்துக்கு என்று தந்து ஆய்ந்ததில் அசதி குறைந்தது. ஒரு விசேஷத்தை, வெளிநாட்டிலிருந்து வரும் மகனை எதிர்பார்த்திருக்கும் நாட்களுக்கு டாக்டர்கள் அதை எழுதித் தருவதுண்டு. நீண்ட நாள் கொடுக்கும் மருந்து அல்ல. கடைசி வாரங்களில் நடையும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், நோட்டை மூடிவிடலாம். காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இன்னைக்கு எதுக்குத் தெம்பு வேணும் ஆத்தா?" முகப்பில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், அன்றைக்குக் குளியலை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்து, சாய்வு நாற்காலியை நாலு மணிக்கு முகப்புக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள்.